தலைமேல் வந்த எல்லையம்மா

பெரும்பாக்கம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

என் கண்ணு சித்தார்த்தனுக்கு அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, மஸ்கட் வெயிலில் மாடி மாடியாக ஏறி ஏசி பார்க்கிற வேலையில் கைகால் பத்திரமாக இருந்து, ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் இருக்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நைனா பேச்சை எடுத்தாலே நீ மாத்திரை போட்டியா, சாப்ட்டியா என்று பேச்சை மாற்றிவிடுகிறாய், நானும் போனை வைத்துவிடுகிறேன். இது அப்படிப் பாதியில் நிற்கக் கூடாத விஷயம். நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்தில் தப்பு இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

ஐப்பசி வந்தால் உன் நைனா போய் வருஷம் ஆகிறது. அவர் போனில் வெள்ளிக்கிழமை விடியற்காலை அலாரம் இன்னும் அடிக்கிறது. நிறுத்தத் தெரியாமல் இல்லை, அடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அது அடித்ததும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிற அவருடைய மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இருமல் மருந்து பாட்டிலில் எண்ணெய், திரி, தீப்பெட்டி, கற்பூரம் எல்லாம் அவர் வைத்தபடிதான் வைத்திருக்கிறேன். திருவான்மியூரில் பஸ் மாறி மந்தைவெளியில் இறங்கி, கால்வாய் ஓரம் நம் பழைய குடிசை இருந்த இடத்துக்குப் போய், பறக்கும் ரயில் தூணுக்குப் பக்கத்தில் பூவரச மரத்தடியில் நிற்கிற நம்ம எல்லையம்மாவுக்கு விளக்கு வைத்துவிட்டு வருவேன். நம்மை அங்கிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து அவர் செய்தது அதுதானே. நீ கடைசியாக லீவில் வந்தபோது நடந்த சண்டையையும் நான் மறக்கவில்லை. ஏன் நைனா ரெண்டு பஸ்ஸு ஏறி அலைஞ்சிக்கினு கீற, அந்தக் கல்ல ஒரு ஆட்டோல போட்டு இங்க கொண்டாந்து நட்டா முடிஞ்சுதே என்று நீ கேட்டாய். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே. அவ பேரே எல்லையம்மாடா, எல்லைய எவனாவது தூக்கிக்கினு போவானா, நம்மளதான் தூக்கிக் கடாசிட்டாங்க, அவளையும் நான் கடாசணுமா என்று கத்தினார். நீயும் சும்மா இல்லை, அப்ப அவகூடவே போய் இரு என்று சொல்லிவிட்டாய். ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற வரைக்கும் இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. அப்புறம் அவர் போய்விட்டார், லீவு கிடைக்காமல் நீ போனில்தான் அவர் முகத்தைப் பார்த்தாய். அந்த ஒரு வார்த்தை உன்னை என்ன பாடுபடுத்துகிறது என்று அம்மாவுக்குத் தெரியாதா. நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டாம்.

சித்திரையில் அந்தக் கால்வாய்க்குச் சுவர் கட்டுகிற வேலை ஆரம்பித்தது. மேஸ்திரி நல்ல மனுஷன்தான், அவர் என்ன செய்வார். இன்னாமா, ஆடிக்குள்ள மிஷினு இந்த எடத்துக்கு வந்துரும், உங்க சாமிய நீங்களே மரியாதையா எடுத்துக்கினு போயிடுங்க, அப்பால மண்ணோட மண்ணா போச்சுன்னா எனக்குச் சாபம் வுடக் கூடாது என்று சொல்லிவிட்டார். உன் சித்தப்பா முருகையனிடம் போய்ச் சொன்னேன். அண்ணன் கூடாதுன்னு சொல்லிட்டுப் போய்ச் சேர்ந்துச்சு, நான் எப்டி அண்ணி கை வெக்கிறது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். எடுத்தால் செத்தவர் வாக்கை மீறின மாதிரி, விட்டால் அவளை மிஷின் வாயில் கொடுத்த மாதிரி. உன்னிடம் கேட்கலாம் என்றால் எந்த வாயால் கேட்பேன். தரமணி ஆபீசில் பெருக்கித் துடைக்கும்போதுகூட அதே நினைப்புதான். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேனாம், சூப்பர்வைசர் பெண் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை திடீர் மழை. விளக்கு வைத்துவிட்டு வந்தவள் மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒதுங்கினேன். உள்ளே கல்யாணம் இல்லை. சுவர் முழுக்கப் பெரிசு பெரிசாகக் கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள், மேலே இந்த இடம் எது, தெரிந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. ரூஹி என்று ராயப்பேட்டைப் பெண் ஒருத்தி, நல்ல பெண், உள்ள வந்து நில்லுங்கம்மா, நனையாதீங்க என்று கூப்பிட்டு டீயும் கொடுத்தாள். அந்தக் காலத்து யுத்தத்தில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரன் இங்கே இருந்தபோது எடுத்த படங்களாம். அவன் காலத்துக்குப் பிறகு அவன் வீட்டார் பரணில் இருந்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் மெட்ராஸ் என்று மட்டும் எழுதி இருக்கிறதாம், எந்தத் தெரு, எந்தப் பாலம் ஒன்றும் கிடையாது. அதனால் ஜனங்களையே கேட்டு ஒவ்வொரு இடமாகக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே நடந்த கூத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். ஒரு பெரியவர் எந்தப் படத்தைக் காட்டினாலும் அது தான் படித்த ஸ்கூல் என்றார், மாட்டு வண்டி நிற்கிற மைதானத்தைக் காட்டினாலும் ஸ்கூலுக்குப் பின்பக்கம் என்றார். இரண்டு பேர் ஒரு படத்துக்கு முன்னால் நின்று அடையாறு, இல்லை சைதாப்பேட்டை என்று கையை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். நான் டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன், ஒரு படத்துக்கு முன்னால் வந்ததும் டீ புடவையில் கொட்டினதுகூடத் தெரியவில்லை.

சித்து, அதில் நம்ம எல்லையம்மா இருந்தாள். அதே சரிந்த இடது தோள், அதே உருண்டைக் கண் இரண்டும், நெற்றியில் அந்தச் சின்னக் குழி. ஒரு மரத்தடியில் நிற்கிறாள், பக்கத்தில் டிரவுசர் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் சிகரெட்டோடு உட்கார்ந்திருக்கிறான். பின்னால் தண்ணீர், இறங்கிப் போகிற படிகள், வளைவு வைத்த ஜன்னலோடு ஒரு சுவர். நான் அந்த மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, இது எங்க எடம், மந்தைவெளி கால்வாய் ஓரம், இது எங்க வீட்டு சாமி என்று சத்தம் போட்டேன். ரூஹிக்கு ஒரே சந்தோஷம். மழை விட்டதும் என்னோடு நடந்தே வந்து பூவரச மரத்தடியில் அவளைப் பார்த்தாள். கல் அதேதான், ஆனால் படி எங்கம்மா, தண்ணி இவ்ளோ அகலமா இருக்கே என்று இழுத்தாள். ரயில் கட்டச்சொல்ல எல்லாத்தையும் மாத்திட்டாங்கம்மா என்று நான் அடித்துச் சொன்னேன். அவளும் சரி என்று மேப்பில் மந்தைவெளியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். நான் வீட்டுக்கு வந்து பிளாக் முழுக்க, எங்க சாமி யுத்தத்துக்கு முன்னாடியே அங்கதான் இருந்துச்சு, போட்டோவே கீது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனதில் மட்டும் பாரம் ஏறிவிட்டது. அத்தனை வருஷமாக அதே இடத்தில் நிற்கிறவளை நான் போய் எப்படிப் பிடுங்குவேன், அவர் சொன்னதுதானே சரி என்று ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரூஹி போன் செய்து வரச் சொன்னாள். போனால் அங்கே அக்பர் பாஷா என்று ஒரு பாய் நிற்கிறார், சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர், எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இது கூவம் ஓரம், என் கடைக்குப் பின்னால் இருக்கிற படி என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். பாய், உங்க கடையப் பத்தி நீங்க சொல்லுங்க, எங்க சாமியப் பத்தி எனக்குத் தெரியாதா என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். இன்னாமா நீ, சாமி உங்குள்து, யாரு இல்லன்னா, படி எங்குள்து, வந்து பாத்துட்டு அப்பால திட்டு என்றார். மூன்று பேருமாக ஆட்டோவில் போனோம். கடைக்குள் செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். கீழே கூவம். குப்பைக்கு அடியில் அதே படிகள், மூன்றாவது படியில் போட்டோவில் இருக்கிற அதே உடைசல். பக்கத்தில் வளைவு ஜன்னல், இப்போது பச்சை பெயிண்ட். ரூஹி போட்டோவை எடுத்து நீட்டிப் பிடித்தாள், இம்மி பிசகவில்லை. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் நாம் கும்பிட்டது யாரை, இங்கே இருந்தவள் யார் என்று தலை சுற்றியது. பாய் ஒரு சோடா வாங்கிவரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னார். எங்க அம்மி, எங்கம்மாவச் சொல்றேன், அது சின்னப் பொண்ணா இருக்கச்சொல்ல நடந்ததும்மா. சப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே காலி பண்ணிக்கினு ஓடிச்சாம். கரையில இருந்த குடிசைங்கள, லாரி நிறுத்த எடம் வோணும்னு பட்டாளத்துக்காரன் கலைச்சிட்டானாம். அந்த ஜனங்க சட்டி பானைய வுட்டுட்டுப் போச்சு, சாமிய வுட்டுட்டுப் போவல, தலையில வெச்சிக்கினு மயிலாப்பூர் பக்கமா போச்சுன்னு எங்கம்மி சொல்லும். முன்னால ஒருத்தி மஞ்சத் தண்ணி ஊத்திக்கினே போனாளாம், எங்க வூட்டு வாசல்ல கூட அந்த ஈரம் இருந்துச்சாம் என்றார்.

மஞ்சள் தண்ணி என்று அவர் சொன்னதும் எனக்குப் பொறி தட்டின மாதிரி ஆகிவிட்டது. அந்த மண்டபத்தில் இன்னொரு படம் மாட்டியிருந்தது, ஒரு பெண் தலையில் மூட்டையோடு நடக்கிறாள், பக்கத்தில் பட்டாளத்து லாரி நிற்கிறது. ஊரை விட்டுப் போகும் பெண் என்று கீழே எழுதியிருந்தார்கள். நானும் அதை மூன்று தடவை தாண்டிப் போனேன், பாவம், யாரோ நம்மை மாதிரி ஒருத்தி என்று நினைத்ததோடு சரி. அந்தப் படத்தைக் காட்டும்மா என்று ரூஹியிடம் கேட்டேன், போனிலேயே பெரிசாக்கிக் காட்டினாள். மூட்டையின் ஓரத்தில் வேப்பிலை தொங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு முன்னால் இன்னொருத்தி குடத்தைச் சாய்த்துக்கொண்டு போகிறாள், ரோட்டில் கறுப்பாக ஈரக் கோடு. சித்து, அது மூட்டை இல்லை, அவள்தான். ரூஹி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எங்கம்மி இருந்திருந்தா காட்டியிருக்கலாம் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் படத்தின் மூலையில் கொஞ்சம் தெரிகிற கட்டடம் ராயப்பேட்டை மணிக்கூண்டு என்று அப்புறம் ஒரு பஸ் டிரைவர் கண்டுபிடித்துச் சொன்னாராம், மயிலாப்பூருக்குப் போகிற வழிதானே அது. அந்தப் பெண் யார் என்று யாருக்கும் தெரியாது. முகம் துணி நிழலில் மறைந்துபோயிருக்கிறது. உன் நைனா வீட்டு ஆளாக இருக்கலாம், பக்கத்துக் குடிசைக்காரியாகவும் இருக்கலாம். கையில் ஒரு வளையல் இல்லை, கழுத்தும் வெறுமை. புருஷன் இல்லாதவளா, எல்லாவற்றையும் அடகுக் கடையில் வைத்தவளா, அதுவும் தெரியாது. இரண்டும் நமக்குத் தெரிந்த கதைதான்.

ரூஹி இரண்டு படங்களையும் பெரிய தாளில் போட்டுக் கொடுத்தாள். நேராக செம்மஞ்சேரிக்குப் போய் உன் சித்தப்பாவிடம், ஆடிக்கு முன்னால் அவளைக் கொண்டுவந்துவிடலாம், நான் தூக்குகிறேன் என்றேன். அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணி, தப்பா எடுத்துக்காத, தாலி அறுத்த பொம்பள சாமியத் தொட்டா நாலு பேரு இன்னா பேசுவாங்க, சித்து வரட்டும், மூத்த புள்ளதானே தூக்கணும் என்றார். சித்து ஐப்பசியில் வருவான், மிஷின் ஆடியில் வருதே, அந்த மிஷின்கிட்ட, கொஞ்சம் பொறுத்து வா தாயின்னு சொல்லட்டுமா என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் படத்தை அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் அந்த வெறும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். என் கொழுந்தனாரை நான் இத்தனை வருஷத்தில் என்னென்னமோ சொல்லித் திட்டியிருக்கிறேன், அன்றைக்கு அவர் குடம் தேய்த்ததைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

போன வெள்ளிக்கிழமை எடுத்தோம். பாயும் ரூஹியும் காலையிலேயே வந்துவிட்டார்கள், மேஸ்திரி தன் ஆட்களை ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தச் சொன்னார். அவளுக்கு மஞ்சள் தண்ணி ஊற்றிக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, தலையில் பூ வைத்து உத்தரவு கேட்டேன். வலது பக்கம் பூ விழுந்தால்தான் அவள் வருவாள் என்பது உனக்குத் தெரியுமே. விழவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம், பூ அசையவே இல்லை. எனக்கு உன் நைனா மரத்துக்குப் பின்னால் நின்று முறைக்கிற மாதிரியே இருந்தது. அந்த நேரத்தில் மேலே பறக்கும் ரயில் போயிற்று, தூண் அதிர்ந்தது, பூ சரிந்து வலது பக்கம் விழுந்தது. ஜனங்கள் குலவை போட்டார்கள். எனக்குச் சந்தேகம், முருகையா, அது ரயில் அதிர்ந்து விழுந்ததுதானே என்று காதோடு கேட்டேன். இன்னா அண்ணி நீ, ரயிலு மட்டும் இன்னா அவளக் கேக்காமயா போவுது, தலையக் குனி என்றார். சிவப்புத் துணியில் சுற்றி வேப்பிலை கட்டித் தலையில் ஏற்றினார்கள். பாதிக் கல் மண்ணுக்குள்தான் இருந்திருக்கிறது, ஒரு குடம் தண்ணீரை விடக் கனம் அதிகம். தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடி ஓடிக் குடம் சுமந்த தலைதானே, தாங்கிற்று. சித்தப்பா முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார், நான் அந்த ஈரத்தில் கால் வைத்து மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன். அந்தப் பெண்ணும் இப்படித்தானே கீழே பார்த்துக்கொண்டு நடந்திருப்பாள் என்று நினைத்தேன், பயம் போய்விட்டது. அங்கிருந்து குட்டியானை லோடு வண்டியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சோழிங்கநல்லூரில் வண்டி நகரவே இல்லை, நம்ம சாமிக்கும் டிராபிக்குதான் என்று சித்தப்பா சொல்ல, பாய் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடிற்று. நம்ம பிளாக்குக்குப் பின்னால் புங்க மரத்தடியில் நட்டாயிற்று. கீழ் வீட்டு ஜோதிலட்சுமி, தாலி இல்லாதவ தூக்கியாந்த சாமியா என்று வாயைத் திறந்தாள், இப்போது அவள்தான் தினமும் கோலம் போடுகிறாள்.

கண்ணு, உன் மேல் தப்பில்லை. உன் நைனா மேலும் தப்பில்லை. அவர் பிறந்தபோதே அவள் மந்தைவெளியில் இருந்தாள், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தப் போட்டோவை அவர் பார்த்திருந்தால் முதலில் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார், இது வேற கல்லு என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மண்வெட்டி எங்கே என்று கேட்டிருப்பார். உனக்குத் தெரியாதா அவரை. அவர் கோபத்தோடு போகவில்லை. கடைசி வெள்ளிக்கிழமையும் உன் பேரைச் சொல்லித்தான் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார், வந்ததும் அதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கால் கழுவி உட்கார்ந்தார். இனிமேல் நீ அவர் பேச்சு வந்தால் பேச்சை மாற்றாதே.

இந்தக் கடிதத்தை எடுத்து வருகிற ஷோயப், பாஷா பாயின் தங்கை மகன். உன் ஊரில்தான் வேலை. அவன் கையில் எலுமிச்சை ஊறுகாய், வேர்க்கடலை உருண்டை, கொஞ்சம் மஞ்சள் குங்குமம், அந்தப் பெண்ணின் படம் ஒன்று, எல்லாம் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்பு. படத்தைப் பெட்டிக்குள் போட்டுவிடாதே, கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு. உச்சி வெயிலில் மொட்டை மாடி வேலைக்குப் போகாதே, மேனேஜர் சொன்னாலும் போகாதே. ஐப்பசிக்கு லீவை இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, நைனாவுக்கு வருஷம் நீ இருந்துதான் செய்ய வேண்டும். வரும்போது பழைய ஞாபகத்தில் மந்தைவெளியில் இறங்கிவிடாதே, நேராக இங்கே வா. இன்றைக்கும் அலாரம் அடித்தது. அடுப்பில் டீ வைத்து இறக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறி வந்து பார்த்தால் டீ இன்னும் சூடாக இருக்கிறது.

அவள் உன்னைக் காப்பாள். நூறு வயசு நல்லா இருடா.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
டி. செண்பகம்